எங்கள் வயலுக்கடியில் தேடுங்கள். வயலை எங்களிடமே விடுங்கள்

தொல்பொருள் திணைக்களத்தின் பணிப்பாளர் நாயகத்துக்கும், திருகோணமலை மாவட்டத்தில் பணியாற்றும் அலுவலர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரியீர்,

இந்த மடலில் கோயிலும் இல்லை, விகாரையும் இல்லை. திருகோணமலையிலிருந்து தொல்லியல் பற்றி ஒரு கடிதம் வருகிறதென்றால், உறையைப் பிரிக்கும் முன்பே அது எந்தப் பக்கத்துக் கடிதம் என்று ஊகித்துவிடுவது இந்த நாட்டில் எல்லோருக்கும் பழகிப்போன விடயம். நான் எழுத வந்தது நெல்லைப் பற்றியும் குரக்கனைப் பற்றியும். அவற்றை இந்த மண்ணில் முதன்முதலாக விதைத்து அறுத்தவர்கள் எங்கே வீடு கட்டிக் குடியிருந்தார்கள் என்பதைப் பற்றியும். தம்பலகாமத்து வெளியிலோ மூதூரிலோ சேருவிலவிலோ கந்தளாயிலோ அந்த ஊர்களின் தடயம் இருக்குமானால், அது இன்று உழப்படுகிற வயல்களுக்கும் தூர்வாரப்படுகிற குளங்களுக்கும் அடியில்தான் இருக்கும். அதைக் கண்டுபிடிக்க எங்கள் கமக்காரரால் உதவ முடியும். அவர்கள் உதவுவதற்கு ஒரு நிபந்தனை உண்டு.

கடந்த சிறுபோக அறுவடை முடிந்த கையோடு எங்கள் பக்கத்துச் சிறு குளமொன்றைத் தூர்வாரினார்கள். பெக்கோ இயந்திரம் அலைகரையோரம் அள்ளிக் கொட்டிய மண்குவியலில் வயதான கமக்காரர் ஒருவர் குனிந்து எதையோ எடுத்தார். உள்ளங்கையளவு பானை ஓடு. சாரத் தலைப்பால் துடைத்துவிட்டு என்னிடம் நீட்டினார். உட்புறமும் விளிம்பும் கரி பூசியது போலக் கறுப்பு. வெளிப்புறம் செங்கல் நிறம். விளிம்புக்குக் கீழே கூரான ஏதோவொன்றால் கீறிய இரண்டு கோடுகள் ஒன்றையொன்று வெட்டின. இது பழைய ஓடு, மிகவும் பழையதாக இருக்கலாம் என்று நான் சொன்னதும் அவர் அதைத் திருப்பி வாங்கினார். சுற்றுமுற்றும் பார்த்தார். குளத்தில் எஞ்சியிருந்த நீருக்குள் வீசிவிட்டார். "மாஸ்டர், இதைக் காட்டினால் நாளைக்கு என் வயலில் எல்லைக்கல் நடுவார்கள்" என்றார். அவரோடு வாதாட என்னிடம் எதுவும் இருக்கவில்லை.

நீங்கள் துறைசார்ந்தவர்கள், ஆனாலும் இது திறந்த மடல் என்பதால் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பானையைக் கவிழ்த்து வைத்துச் சுடும்போது காற்றுப் படாத உட்புறமும் விளிம்பும் கறுக்கும், காற்றுப் பட்ட வெளிப்புறம் சிவக்கும். கறுப்புச் சிவப்பு மட்பாண்டம் என்று அதற்குப் பெயர். தென்னிந்தியப் பெருங்கற்காலப் புதைகுழிகளிலும், புத்தளம் பக்கத்துப் பொம்பரிப்பின் புதைதாழிகளோடும், அநுராதபுரத்தின் அடிமட்ட மண்ணிலும் கிடைத்த வகை அது. நெடுங்காலம் புழக்கத்தில் இருந்ததால் ஒற்றை ஓட்டை வைத்துக்கொண்டு காலம் சொல்ல முடியாது. எந்த ஆழத்தில் கிடந்தது, பக்கத்தில் கரி இருந்ததா, எலும்பு இருந்ததா, மண்ணின் நிறம் மாறியிருந்ததா என்பவைதான் அதற்குப் பெறுமதி கொடுப்பவை. பெக்கோ அள்ளிய கணத்தில் பாதி போனது. நீருக்குள் விழுந்தபோது மீதியும் போனது.

ஆதி வேளாண்மை ஊர்கள் என்றதும் நம்மவர்கள் கோட்டையையும் கோபுரத்தையும் எதிர்பார்க்கிறார்கள். ஜெரிக்கோவில் கத்லீன் கென்யன் 1950களில் தோண்டி வெளிக்கொணர்ந்த கல் கோபுரம் உண்மையிலேயே வியப்பானதுதான். எட்டு மீற்றருக்கு மேல் உயரம், வயது ஏறத்தாழ 10,000 ஆண்டுகள். ஆனால் அது விதிவிலக்கு. உலகம் முழுவதிலும் முதல் உழவர்களைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி கருகிய விதைகளிலிருந்தும், தேய்ந்த அம்மிக் கற்களிலிருந்தும், குப்பைக் குழிகளிலிருந்தும் வந்தது. யாரும் கும்பிட வராத, யாரும் கொடி நட நினைக்காத பொருட்கள்.

சிரியாவின் அபு ஹுரைரா இதற்கு மிகப் பொருத்தமான சான்று. யூப்ரட்டீஸ் ஆற்றில் தப்கா அணை கட்டப்பட்டபோது அந்த மண்மேடு நீருக்குள் போகப்போகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அன்ட்ரூ மூர் தலைமையிலான குழுவுக்குக் கிடைத்தது 1972, 1973 ஆகிய இரண்டே பருவங்கள். நேரம் இல்லை என்பதால் அழகான சுவர்களைத் தேடி அலையாமல் மண்ணை நீரில் அலசினார்கள். தோண்டிய மண்ணை நீருள்ள தொட்டியில் மெல்லக் கொட்டினால் களி கரையும், கல்லும் எலும்பும் அடியில் தங்கும், கருகிய விதைகள் மேலே மிதக்கும். மிதந்ததை நுண்கண் வலையில் வடித்து நிழலில் காயவைத்தால் போதும். அப்படிச் சேர்ந்த விதைகளை கோர்டன் ஹில்மன் என்ற தாவரவியலாளர் பல ஆண்டுகள் இருந்து பிரித்துப் பார்த்தார். அந்த இடத்தில் முதலில் குடியிருந்தவர்கள் காட்டுத் தானியங்களைப் பொறுக்கியும் மான்களை வேட்டையாடியும் வாழ்ந்தவர்கள் என்பதும், பின்னால் அதே மேட்டில் பெரிய உழவர் ஊரொன்று எழுந்தது என்பதும் அந்தக் கரித்துண்டுகள் சொன்ன கதை. இன்று அந்த மேடு அசாத் ஏரிக்கு அடியில் கிடக்கிறது.

அங்கே கிடைத்த எலும்புக்கூடுகளை தேயா மொலசன் என்ற ஆய்வாளர் ஆராய்ந்தார். பெண்களின் எலும்புகளில்தான் பெரும்பாலும் ஒரே வகைச் சேதம் திரும்பத் திரும்ப வந்தது: காற்பெருவிரல் மூட்டுத் தேய்வு, முழங்கால் தேய்வு, கீழ் முதுகெலும்பில் நசிவு. விரல்களை மடக்கி ஊன்றி, முழந்தாளிட்டு, உடம்பை முன்னும் பின்னும் வீசி நாள்முழுவதும் கல்லில் தானியம் அரைத்ததன் தழும்புகள் அவை என்று அவர் காட்டினார். மாவோடு கலந்த கல்துகள் பற்களையும் உடைத்திருந்தது. எங்கள் ஊரில் குரக்கன் திரிகை சுற்றிய கிழவிகளின் முழங்கால்களைப் பார்த்தவர்களுக்கு இந்த ஆய்வைப் பற்றி மேலும் விளக்கத் தேவையில்லை. வேளாண்மை மனித குலத்துக்கு என்ன கொடுத்தது என்று பாடப்புத்தகம் நிறையச் சொல்கிறது. எதை வாங்கிக்கொண்டது என்பதை அந்தப் பெருவிரல்கள் சொல்கின்றன.

நெல்லுக்கு வருகிறேன், அதுதான் எங்கள் பாடு. கிழக்கு மாகாணத்துக் கமக்காரரிடம் களைநெல்லைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், வயிறெரிந்து பேசுவார். பார்வைக்கு நெற்பயிர் போலவே நிற்கும், அறுப்பதற்கு முன் மணியெல்லாம் தானே கொட்டிவிடும், அடுத்த போகத்தில் மீண்டும் முளைக்கும். கொட்டுவது காட்டு நெல்லின் இயல்பு. கதிரிலேயே நின்று, அடித்தால்தான் உதிர்வேன் என்பது வீட்டு நெல்லின் இயல்பு. அந்த வேறுபாடு மணியின் அடியில், காம்பு ஒட்டியிருந்த இடத்தில் தழும்பாகப் பதிந்திருக்கும். தானே கொட்டியதில் தழும்பு வழவழப்பாக வட்டமாக இருக்கும். அடித்துப் பிரித்ததில் கிழிந்து கரடாக இருக்கும். சீனாவின் சேஜியாங் மாகாணத்தில் தியன்லுவோஷான் என்ற ஊரில் ஏறத்தாழ 6,900 ஆண்டுகளுக்கு முந்திய மண்ணிலிருந்து இத்தகைய காம்படிகளை ஆயிரக்கணக்கில் எடுத்து உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தார்கள். வீட்டு நெல்லின் தழும்பு கொண்டவை 27 சதவீதம். முந்நூறு ஆண்டுகள் கழிந்த மண்ணில் 39 சதவீதம். அதே காலத்தில் அவர்கள் உண்டு எறிந்த தாவரங்களில் நெல்லின் பங்கு 8 சதவீதத்திலிருந்து 24 சதவீதமாக உயர்ந்தது. மிச்சமெல்லாம் ஓக் விதைகளும் நீரில் விளையும் கொட்டைகளும்.

இந்த எண்களை நான் முதன்முதலில் வாசித்தபோது விவசாய பாடம் கற்பித்த காலமெல்லாம் மாணவர்களுக்கு ஒரே வரியில் சொல்லிக் கடந்துபோனது எவ்வளவு நீண்ட உழைப்பு என்று புரிந்தது. ஒருவர் ஒரு நாள் விதையை ஊன்றிப் பார்த்து வேளாண்மையைக் கண்டுபிடித்துவிடவில்லை. பன்னிரண்டு, பதின்மூன்று தலைமுறைகள் நட்டும் அறுத்தும் மீண்டும் விதைத்தும் நெல் பாதிகூட வழிக்கு வரவில்லை. அதற்குள் எத்தனை வெள்ளம், எத்தனை வறட்சி வந்திருக்கும்? அந்த உழைப்பின் ஏடு ஒரு மணியின் அடியில் எழுதப்பட்டிருக்கிறது. எங்கள் வயல்களுக்கடியில் அப்படி ஏதாவது எழுதப்பட்டிருக்கிறதா என்று இதுவரை எவரும் போதுமான அளவு தேடவில்லை என்பதுதான் என் குறை.

தியன்லுவோஷானுக்குப் பக்கத்திலேதான் ஹெமுடு இருக்கிறது. 1973இல் அங்கே நீர் இறைக்கும் நிலையமொன்று கட்ட மண் வெட்டிய ஊரவர்களின் கண்ணில்தான் அது முதலில் பட்டது. சேற்றுக்குள் காற்றுப் படாமல் கிடந்ததால் கால்நட்டுக் கட்டிய மரவீடுகளின் தூண்களும், அடுக்கடுக்காக நெல் உமியும், எருமையின் தோள்பட்டை எலும்பில் செய்த மண்வெட்டிகளும் அழியாமல் கிடைத்தன. ஜோர்தானில் ஐன் கசல் வெளிப்பட்டது அம்மானுக்கு வெளியே நெடுஞ்சாலை போட்டபோது. கண்ணுக்கு மை தீட்டிய சுண்ணாம்பு உருவங்கள் 1983இல் அங்கே கிடைத்தன. பாகிஸ்தானின் மெஹர்கர் போலன் ஆறு கரையை அரித்ததால் வெளித்தெரிந்தது. 1974 முதல் ழான் பிரான்சுவா ஜாரிஜின் குழு தோண்டியதில், ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன் வாற்கோதுமை விளைவித்துத் திமில் மாடு வளர்த்த மக்களின் மண்வீடுகள் கிடைத்தன. உயிரோடிருந்தபோதே துளையிடப்பட்ட கடைவாய்ப் பற்களும் அங்கேதான் கிடைத்தன. பெரும்பாலும் மண்வெட்டியும் ஆறும் சாலை வேலையும் முதலில் கண்டவற்றைத்தான் ஆய்வாளர்கள் பின்னால் வந்து வாசித்தார்கள். முதலில் காணும் கண் எப்போதும் நிலத்தில் நிற்பவருடையது.

நமக்கு நெருக்கமான கதை தக்காணத்தில் இருக்கிறது. தெலங்கானாவின் உட்னூரில் ரேமண்ட் ஆல்சின் 1957இல் தோண்டிய சாம்பல் மேடு, உண்மையில் நாலாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஒரு மாட்டுப் பட்டி. காலங்காலமாகக் குவிந்த சாணம் எரிந்து சாம்பலாகியிருந்தது. அந்த மண்ணில் மாடுகளின் குளம்படிகள் அப்படியே பதிந்திருந்தன. அந்த மேடுகளின் காலத்து மக்கள் விளைவித்தவை பாசிப்பயறும் கொள்ளும் சிறுதானியங்களும். நெல் அங்கே பின்னால் வந்தது. பயறும் சிறுதானியமும் மாட்டுப் பட்டியும்! காட்டை வெட்டி எரித்துப் பயிரிடும் எங்கள் சேனைக்காரரின் வாழ்க்கைதான் அது. தமிழ்நாட்டின் பையம்பள்ளிவரை அந்தப் பண்பாட்டின் தடயம் உண்டு.

கடலைத் தாண்டி நம் தீவுக்கு வந்தால் ஒரு பெரிய இடைவெளி நிற்கிறது. பாகியன்கல, பட்டதொம்பலென குகைகளில் பல்லாயிரம் ஆண்டுகளாக வேட்டையாடி, பொறுக்கி உண்டு வாழ்ந்தவர்களை நன்றாகத் தெரியும். அதன்பின் தொல்லியலாளர் சிரான் தெரணியகல தோண்டிய அநுராதபுரத்தில், கி.மு. 9ஆம் நூற்றாண்டளவில் இரும்பும் மாடும் குதிரையும் நெல்லும் வைத்திருந்த ஒரு குடியிருப்பைக் காண்கிறோம். இடையில் என்ன நடந்தது? மலைநாட்டு ஹோட்டன் சமவெளிச் சேற்றிலிருந்து எடுத்த மகரந்தத்தைக் கொண்டு மிகப் பழைய பயிர்ச்செய்கை இருந்தது என்று ஒரு வாதம் உண்டு. எல்லா ஆய்வாளரும் அதை ஏற்கவில்லை. வேட்டைக்காரரின் குகைக்கும் இரும்புக்கால ஊருக்கும் நடுவே உழவரின் முதல் வீடு நம் கையில் இல்லை. இரும்புக் காலத்திலும்கூட நம்மிடம் அதிகம் இருப்பவை புதைகுழிகள்தான்: பொம்பரிப்பில் தாழிகள், இப்பன்கட்டுவவில் கற்பலகைக் குழிகள், வெருகல் ஆற்றைத் தாண்டினால் கதிரவெளியில் குரங்கு படையெடுத்த வேம்பு என்று ஊரவர் சொல்லும் இடத்திலுள்ள கல்லறைகள். செத்தவர்களை எங்கே வைத்தார்கள் என்று தெரிகிறது. அவர்கள் எங்கே உழுதார்கள், எதைச் சமைத்தார்கள் என்பது தெரியவில்லை. கதிரவெளியில் புதைத்தவர்களின் உறவினர் வெருகலுக்கு வடக்கே ஒருவர்கூட இருக்கவில்லை என்று நான் நம்பமாட்டேன்.

கந்தளாய்க் குளத்தைக் கட்டியவர் சிங்கள மன்னர் மகாசேனனா, அக்கபோதியா, தமிழ் மரபு சொல்லும் குளக்கோட்டனா என்று சண்டை பிடிக்க எங்களுக்குத் தெரியும். குளக்கட்டு எழும்புவதற்கு முன் இந்தப் பள்ளத்தில் மழையை நம்பி விதைத்தவர் யார் என்று கேட்க எந்தப் பக்கத்தாருக்கும் தோன்றவில்லை. இதில் எங்கள் தமிழ்த் தரப்பையும் நான் விட்டுவைக்க விரும்பவில்லை. கோணேசர் மலைப் பாறையிலுள்ள இராவணன் வெட்டைக் காட்ட ஆள் இருக்கிறது. கோணேசர் கல்வெட்டு என்ற பழைய நூலைப் பாடம் ஒப்புவிக்க ஆள் இருக்கிறது. உடைந்த அம்மிக்கல்லை எடுத்து எந்த வயலில் கிடைத்தது என்று எழுதி வைக்க ஆள் இல்லை. விதைக்கு மொழி கிடையாது என்பதால் அதில் யாருக்கும் ஆதாயம் இல்லை. துருக்கியின் சத்தல்ஹூயூக்கில் கூரை வழியாக ஏணியில் இறங்கி வீட்டுக்குள் போனவர்கள், தங்கள் இறந்தோரை வீட்டுத் தரைக்குக் கீழேயே புதைத்தவர்கள், என்ன மொழி பேசினார்கள் என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. அதனால் அந்த இடத்தின் பெருமை குறையவுமில்லை. 2012இல் அது உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது.

இனி கசப்பான பகுதி. நிலத்துக்குள் புதைந்திருக்கும் தொல்பொருள் அரசுக்குச் சொந்தம் என்பது 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தின் அடிப்படை. அதில் எனக்கு மறுப்பில்லை. ஓடு அரசுக்குப் போகட்டும். ஓட்டோடு சேர்ந்து வயலும் போய்விடும் என்ற அச்சம்தான் இங்கே ஆட்சி செய்கிறது. குச்சவெளி, திரியாய், தென்னமரவாடிப் பக்கங்களில் தொல்பொருள் ஒதுக்கு என்று அடையாளமிடப்பட்ட காணிகளைப் பற்றிய முறைப்பாடுகள் பல ஆண்டுகளாகப் பத்திரிகைகளில் வருகின்றன. கிழக்கு மாகாணத் தொல்லியல் மரபுரிமை முகாமைத்துவத்துக்கென 2020 ஜூனில் ஜனாதிபதிச் செயலணி அமைக்கப்பட்டது. பாதுகாப்புச் செயலாளர் தலைமை. முதலில் அறிவித்த பெயர்களில் தமிழரும் இல்லை, முஸ்லிம்களும் இல்லை. இந்த மாகாணத்தில் பெரும்பான்மையாக வாழ்பவர்கள் அதை எப்படி வாசித்திருப்பார்கள் என்று நான் விளக்கவேண்டியதில்லை. போர்க்காலத்தில் காணி உறுதியைத் தொலைத்தவர்கள், இடம்பெயர்ந்து திரும்பி வந்து காடாகிக் கிடந்த வயலைத் துப்புரவாக்கியவர்கள், அனுமதிப்பத்திரத்தை மட்டும் பொலித்தீன் பையில் சுற்றி வைத்திருப்பவர்கள் எங்கள் கமக்காரர். அவர்களில் ஒருவர் பானை ஓட்டைக் கண்டால் என்ன செய்வார்? சட்டத்தை மீறவேண்டும் என்ற ஆசை எவருக்கும் இல்லை. அறிவித்தால் காணி போகும், அறிவிக்காவிட்டால் ஒன்றும் ஆகாது என்று கணக்குப் போடுகிறார்கள். வேறு அச்சமும் உண்டு. பழைய பொருள் கிடைத்ததாம் என்று செய்தி பரவினால் இரவோடிரவாகப் புதையல் தோண்டுவோர் வந்துவிடுவார்கள். விடிந்தால் பொலிஸார் கேள்வி கேட்பது வயற்காரரைத்தான்.

ஆக, ஒருபக்கம் உங்கள் வரைபடத்தில் விகாரை இடிபாடுகள் பெருகுகின்றன. மறுபக்கம் அவற்றைவிடப் பழையனவாக இருக்கக்கூடியவை ஒவ்வொரு போகத்திலும் வாயைத் திறக்காமல் அழிகின்றன. இதற்கு நீங்களும் காரணம், நாங்களும் காரணம்.

தீர்வு எங்கும் இல்லாத ஒன்றல்ல. பப்புவா நியூகினியின் உயர்நிலத்தில் குக் என்ற சதுப்பு நிலம் இருக்கிறது. தேயிலை ஆராய்ச்சி நிலையத்துக்காக அங்கே வடிகால் வெட்டியபோது, இப்போதைய வாய்க்கால்களுக்குக் கீழே பழைய வாய்க்கால்கள் தென்பட்டன. ஜாக் கோல்சன் 1970களில் அங்கே வேலை செய்தார். ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன்பே அந்த மக்கள் சேற்றை மேடாக்கி வாழை நட்டார்கள், சேம்பு நட்டார்கள் என்பதும், அதற்குப் பின் முறையாக வடிகால் வெட்டினார்கள் என்பதும் அங்கே நிறுவப்பட்டது. உலகில் வேளாண்மை தனியே பிறந்த இடங்களில் அதுவும் ஒன்று என்று ஆனது. 2008இல் உலக மரபுரிமைத் தலமாக அறிவிக்கப்பட்டது. கவனியுங்கள்: அந்த நிலத்தில் கவெல்கா மக்கள் இன்றும் தோட்டம் செய்கிறார்கள். நிலத்தைப் பயன்படுத்துவது அவர்களுடைய மரபு வழக்கப்படிதான். பழைய வாய்க்காலைக் குலைக்குமளவு ஆழமாகக் கிளறக்கூடாது என்பது போன்ற கட்டுப்பாடுகளோடு, பயிர்ச்செய்கையே அந்த இடத்தின் பாதுகாப்பு முறையாக இருக்கிறது. உலகின் மிகப் பழைய தோட்டங்களில் ஒன்றை வேலி போட்டு அடைக்காமல் காக்கலாம் என்றால், தம்பலகாமத்து வயலொன்றை ஏன் அப்படிக் காக்க முடியாது?

இங்கிலாந்திலும் வேல்சிலும் 1997 முதல் ஒரு திட்டம் நடக்கிறது. நிலத்தில் கிடைத்ததை மக்கள் தாமாகக் கொண்டுவந்து காட்டலாம்; அந்தந்த வட்டாரத்துக்கென அமர்த்தப்பட்ட அலுவலர் படமெடுத்து, அளந்து, இடத்தைக் குறித்துவிட்டுப் பெரும்பாலும் பொருளையே திருப்பிக் கொடுத்துவிடுவார். இங்கிலாந்தில் பிரிட்டிஷ் நூதனசாலையும் வேல்சில் அந்நாட்டுத் தேசிய நூதனசாலையும் அதை நடத்துகின்றன. இதுவரை பதினைந்து இலட்சத்துக்கு மேற்பட்ட பொருட்கள் பதிவாகியிருக்கின்றன. நம் சட்டம் வேறு, பொருளைத் திருப்பித் தருவது இங்கே சிக்கல் என்பது எனக்குத் தெரியும். நான் பார்ப்பது அந்த அலுவலரின் தோரணையை. அவர் வீட்டுக்கு வந்தால் யாரும் பதறுவதில்லை. பாக்குநீரிணைக்கு அப்பால் கீழடியில் தனியார் தென்னந்தோப்புகளுக்குள் நிலம் கேட்டுக் குழி வெட்டினார்கள்; வேலை முடிந்த பல குழிகள் மண்ணிட்டு மூடப்பட்டன. அரசியல் சூடு அங்கும் குறைவில்லை. ஆனால் ஓடு கிடைத்தவுடனேயே தோப்பு பறிபோகும் என்று தோட்டக்காரர் நடுங்கவில்லை.

எங்களுக்கு வேண்டியது ஓர் எழுத்துமூல உறுதிமொழி. மூன்று மொழியிலும் வேண்டாம், தமிழிலும் சிங்களத்திலும் இருந்தால் போதும். ஆனால் பிரதேச செயலகத்தின் முத்திரையோடு இருக்கவேண்டும். பயிர்ச்செய்கைக் காணியில் ஓடோ கல்லோ எலும்போ கிடைத்தது என்று தாமாக வந்து அறிவிக்கும் கமக்காரரின் காணி அந்தக் காரணத்துக்காக ஒதுக்காக அறிவிக்கப்படாது. ஆய்வு தேவைப்பட்டால் அறுவடைக்கும் அடுத்த விதைப்புக்கும் இடையில், அவருடைய சம்மதத்தோடு நடக்கும். குழி மூடப்பட்டு வரம்பு பழையபடி கட்டிக் கொடுக்கப்படும். ஒரு போகம் தவறினால் நட்டஈடு உண்டு. அறிவித்தவர் புதையல் திருடராக நடத்தப்படமாட்டார். இதற்குமேல் ஒரு வரியும் தேவையில்லை. உண்மையிலேயே அரிதான இடமொன்று கிடைத்து நிலம் முழுவதும் வேண்டும் என்றால் அது வேறு விடயம். அப்போது உட்கார்ந்து பேசலாம், மாற்றுக் காணி என்ன என்று கேட்கலாம். எல்லா ஓட்டுத்துண்டும் அப்படிப்பட்டதல்ல என்பது உங்களுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும்.

அந்த உறுதிமொழி இருந்தால் நாங்கள் செய்யக்கூடியது நிறைய. எந்தெந்த வயல் மேட்டில் மழைக்குப் பின் ஓடு மிதக்கிறது, எந்தக் கிணறு வெட்டும்போது கரி மண் வந்தது, எந்தக் குளத்து அலைகரையில் மாடு மேய்ப்பவர்கள் வழவழப்பான அரைகல்லைக் கண்டு அதில் கத்தி தீட்டுகிறார்கள் என்பதெல்லாம் ஊர்களில் வாய்மொழியாக இருக்கிற செய்திகள். குளம் தூர்வாரும்போது கமக்காரர் அமைப்பின் ஆள் ஒருவர் பெக்கோவுக்குப் பக்கத்தில் நின்று கவனிக்கலாம். மண் நிறம் மாறினால் சற்று நிறுத்தச் சொல்லலாம். விதை அலசுவதற்கு வெளிநாட்டு இயந்திரம் வேண்டாம். ஒரு பழைய தார்ப் பீப்பாய், நுண்கண் வலை, ஒரு குழாய், உலர்த்த நிழல், இவை போதும். கற்பிக்க ஒருவர் வந்தால் பாடசாலைப் பிள்ளைகளே செய்வார்கள். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் பக்கத்திலேயே இருக்கிறது; யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தொல்லியல் கற்ற பிள்ளைகள் வேலையில்லாமல் வீட்டில் இருக்கிறார்கள். களத்துக்கு வரும் அலுவலர் தமிழ் பேசுபவராக இருந்தால் பாதி வேலை முடிந்தது. சீருடைக்காரர்கள் அவரோடு கூடவே வராவிட்டால் மீதியும் முடிந்தது.

மூதூரிலும் கிண்ணியாவிலும் இருக்கும் முஸ்லிம் கமக்காரருக்கும், கந்தளாயிலும் சேருவிலவிலும் இருக்கும் சிங்களக் கமக்காரருக்கும் இதே உறுதிமொழி செல்லவேண்டும். ஒருவருக்கு மட்டும் தரும் சலுகையாக அது ஆகிவிட்டால் மூன்றாம் நாளே வழக்கும் ஆர்ப்பாட்டமுமாக முடிந்துவிடும். களைநெல்லும் யானையும் உர விலையும் அவர்களுக்கும் எங்களுக்கும் ஒன்றுதான்.

பெரும்போகச் செய்கைக்கான ஆரம்பக் கூட்டங்கள் வழக்கம்போல் புரட்டாதியில் தொடங்கிவிடும். நீர் திறக்கும் நாள், விதைப்பு முடிக்கும் நாள், காப்புறுதி, உரம், கட்டாக்காலி மாடு என்று எல்லாம் பேசி முடிக்க மதியமாகும். நீர்ப்பாசனப் பொறியியலாளர் வருவார், கமநல சேவை அலுவலர் வருவார், வங்கியிலிருந்து ஒருவர் வருவார். அந்த மேசையில் உங்கள் திணைக்களத்தின் ஆள் ஒருவருக்கு ஒரு கதிரை போடச் சொல்லி நாங்கள் பிரதேச செயலாளரிடம் கேட்டுக்கொள்கிறோம். அவர் உறுதிமொழியின் நகலோடு வரட்டும். அதை ஒலிவாங்கியில் ஒருமுறை வாசிக்கட்டும். கமக்காரர் கேள்வி கேட்பார்கள், சிலர் கடுமையாகவே கேட்பார்கள். அவற்றுக்குப் பதில் சொல்லும் அதிகாரம் உள்ளவராக அவர் இருக்கவேண்டும். வடகீழ்ப் பருவமழை இறங்கிவிட்டால் குளங்கள் நிரம்பிவிடும், வயல்கள் பச்சையாகிவிடும், அடுத்த மாசி பங்குனிவரை எவரும் மண்ணைப் பார்க்க முடியாது. ஆகவே பதிலை அதற்கு முன் எதிர்பார்க்கிறோம்.

இப்படிக்கு,
தம்பலகாமத்துக் கமக்காரக் குடும்பமொன்றில் பிறந்த,
ஓய்வுபெற்ற விவசாய பாட ஆசிரியர்